வெந்நீரில் சாயம் எத்தனை மடங்கு வேகமாகப் பரவும்? கணக்கு உதைக்கிறது

2023 ஜூன் 4, ஞாயிறு

பேரனுக்கு அறிவியல் பாடத்தில் ஒரு சோதனை. ஒரு தம்ளரில் வெந்நீர், இன்னொன்றில் பச்சைத் தண்ணீர். இரண்டிலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒரு துணுக்கு போட வேண்டும். வெந்நீரில் சீக்கிரம் பரவும், ஏனென்றால் சூட்டில் துகள்கள் வேகமாக ஓடும். பாடத்தில் அவ்வளவுதான் போட்டிருக்கிறது.

காலை பத்து மணிக்கு அடுப்படியில் வைத்தே செய்து பார்த்தோம். வெந்நீர்த் தம்ளரில் இரண்டு நிமிடத்துக்குள் மேல்வரை ஊதா. பச்சைத் தண்ணீரில் துணுக்கு ஒரு நூல் விட்டுக்கொண்டே அடிக்குப் போனது. அடியில் ஊதாப் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டது. அப்புறம் அசையவே இல்லை. இப்போது மணி ஏழு. மேலே இரண்டு விரற்கடை இன்னும் தெளிந்த தண்ணீர்தான்.

ஒன்று 2 நிமிடம். இன்னொன்று 9 மணி நேரமாகியும் முடியவில்லை. 270 மடங்குக்கு மேல் வருகிறது. சூட்டில் துகள் 270 மடங்கு வேகமாகவா ஓடும்? அப்படி ஓடினால் கொதிக்கிற ரசத்தைக் கிண்டவே வேண்டாமே.

நான் தையல்காரி. அம்மாவுக்கு பர்மாவில் மோல்மேன் என்ற ஊரில் சாயம் போடும் வேலை. சாயம் எனக்குக் கையால்தான் தெரியும், கணக்கால் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

ஒன்று நடந்தது, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். எட்டரைக்கு மின்சாரம் போனது (யாங்கோனில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை). மெழுகுவர்த்தியைக் கொளுத்தி அந்தப் பச்சைத் தண்ணீர்த் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பேரன்தான் பார்த்தான். "அம்மாயி, அது ஏறுது!"

மெழுகுவர்த்தி இருந்த பக்கம் ஊதா கண்ணாடியை ஒட்டி மேலே ஏறி, மேல்மட்டத்தில் குறுக்கே போய், எதிர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. பத்தரை மணி நேரம் படுத்துக் கிடந்த சாயம் கால் மணியில் கலந்துபோயிற்று.

இரண்டு விரற்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு மெழுகுவர்த்தி. தம்ளரைத் தொட்டால் சூடு தெரியக்கூட இல்லை.

ஜூன் 5

நேற்று இரவு எழுதியதில் ஒரு திருத்தம். "சூடு தெரியவில்லை" என்பது சரிதான், ஆனால் அதனால் சூடு இல்லை என்று ஆகாது. 28 டிகிரியில் இருக்கிற தண்ணீர் ஒரு டிகிரி ஏறினால் 10,000-ல் ஏறக்குறைய 3 பங்கு விரிகிறது. அவ்வளவு லேசானாலே அது மேலே கிளம்பிவிடும். நாங்கள் போட்ட துணுக்கு கடுகில் பாதி. அடித் தண்ணீர் அதனால் அடைந்த கனமும் அந்த அளவுதான். அரை டிகிரி வித்தியாசமே அதைப் புரட்டிவிடப் போதும்.

ஆக ஓடியது துகள் இல்லை, தண்ணீர். சாயம் அதன் முதுகில் ஏறிப் போயிருக்கிறது.

ஜூன் 7

தம்பி மகன் பொறியியல் படித்தவன். ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னதும் சிரித்தான். "அத்தை, தண்ணீர் துளிகூட அசையாமல் இருந்தால் எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?" என்று காகிதத்தை எடுத்தான்.

கணக்கு இது. போகும் தூரத்தை அதே தூரத்தால் பெருக்கி, பரவல் எண்ணின் (ஒரு பொருள் எவ்வளவு சீக்கிரம் பரவும் என்பதன் அளவு) இரண்டு மடங்கால் வகுத்தால் உத்தேசமான நேரம் வரும். சாதாரணச் சாயத்துக்கு அறைவெப்பத் தண்ணீரில் அந்த எண் நொடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் 2,000-ல் ஒரு பங்கு. போட்டுப் பார்த்தால் 1 மில்லிமீட்டர் போக 1,000 நொடி, அதாவது 17 நிமிடம். 1 சென்டிமீட்டர் போக 28 மணி நேரம். என் தம்ளர் உயரம் 10 சென்டிமீட்டர். அதற்கு 115 நாள்.

நான்கு மாதம்! தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. ஒரே திசையில் நடக்கிறவனுக்கு இப்படி ஆகாது. ஒவ்வொரு அடிக்கும் திசையை மறந்துவிடுகிற குடிகாரனுக்குத்தான் ஆகும்.

சூட்டுக்கு வருவோம். 28 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் தண்ணீரின் பிசுபிசுப்பு பாதிக்கும் கீழே இறங்கும், துகளின் துடிப்பும் கொஞ்சம் கூடும். இரண்டையும் சேர்த்தால் பரவல் இரண்டே முக்கால் மடங்கு. அவ்வளவுதான். 270 எங்கே, இரண்டே முக்கால் எங்கே.

பாடத்தில் இருக்கிற காரணம் பொய் இல்லை. சூட்டில் துகள் வேகமாகத்தான் போகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற காட்சிக்கு அது காரணம் இல்லை. வெந்நீர்த் தம்ளரில் மேற்பரப்பும் பக்கங்களும் ஆறுகின்றன. ஆறிய தண்ணீர் கனத்து இறங்குகிறது, நடுவில் சூடானது ஏறுகிறது. தம்ளருக்குள் ஓயாமல் ராட்டினம். இதை ஏன் பாடத்தில் ஒரு வரி சேர்க்கக் கூடாது?

ஜூன் 11

"அப்படியென்றால் பரவல் என்று ஒன்றே கிடையாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்ன மாதிரி தொனித்திருந்தால் என் எழுத்தின் கோளாறு.

இந்த வாரம் படித்ததைக் கொட்டுகிறேன். 1827-ல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியல்காரர் மகரந்தத்துக்குள் இருக்கிற நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் துள்ளுவதை நுண்ணோக்கியில் பார்த்தார். உயிர் இருப்பதால் துள்ளுகிறதோ என்று சந்தேகப்பட்டு, கல்லைப் பொடித்தும் போட்டுப் பார்த்தார். அதுவும் துள்ளியது. திரவங்களுக்குள் உப்பு எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று 1850 வாக்கில் அளந்தவர் தாமஸ் கிரகாம். அதற்கு விதி எழுதியவர் அடால்ஃப் ஃபிக், 1855-ல். அவர் இயற்பியல்காரர்கூட இல்லை, உடலியல்காரர். வெப்பம் உலோகத்தில் பரவுவதற்கு ஃபூரியே எழுதியிருந்த சமன்பாட்டையே உப்புக்கும் பொருத்திக்கொண்டார். துள்ளலுக்கும் பரவலுக்கும் முடிச்சுப் போட்டவர் ஐன்ஸ்டைன், 1905-ல். அதைச் சோதித்து நிறுவிய பெரினுக்கு 1926-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்குப் பிடித்தது பிரவுன் கல்லைப் பொடித்ததுதான். தன் சந்தேகத்தைத் தானே மறுத்துப் பார்க்கிற ஆள்.

ஜூன் 12

டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். "சோ செயின்" சொன்னேன், அதாவது தித்திப்பும் பாலும் தூக்கலாக. கடைப்பையன் ஆற்றாமல் வைத்துவிட்டான். அடியில் டப்பாப் பால், மேலே டீ, நடுவில் கோடு போட்ட மாதிரி. டீ கொதிக்கக் கொதிக்க இருக்கிறது, கலக்கவில்லை. போன வாரம் நான் எழுதிய ராட்டினம் எங்கே போயிற்று?

இப்படிப் பார்க்கலாமா: டப்பாப் பால் தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கனம் கூடியது. நான்கைந்து டிகிரி வித்தியாசத்தில் கிளம்புகிற ராட்டினத்தால் அந்தக் கனத்தைத் தூக்க முடியாது. மேல் டீக்குள் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும், கோட்டைத் தாண்டாது. பெர்மாங்கனேட் துணுக்கு சின்னது என்பதால் என் தம்ளரில் அது ஜெயித்தது.

கரண்டி கேட்டேன். வாசகர்கள் கவலைப்பட வேண்டாம்.

ஜூன் 14

தண்ணீரை ஓடாமல் கட்டிப்போட்டால் பரவல் மட்டும் தெரியும் அல்லவா? கட்டிப்போட நம் வீட்டிலேயே சாமான் இருக்கிறது. கடல்பாசி. பர்மியர்கள் தேங்காய்ப்பால் விட்டு சௌக்ஜோ செய்கிறார்களே, அதே பாசிதான். உறைந்தாலும் அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் தண்ணீரே. பாசி இழை வலை மாதிரி நின்று தண்ணீரை ஓடவிடாது. ஆனால் சாயத் துகளுக்கு அந்த வலைக்கண் ஊர் அகலம். தடை பெரிதாக இருக்காது என்கிறான் தம்பி மகன்.

முதலில் பெர்மாங்கனேட்டையே மேலே ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் பழுப்படித்துவிட்டது. அது பாசியையே அரிக்கிறது, அதனால் சரிப்படாது. இன்று மாலை பலகாரத்துக்குப் போடும் நீலச் சாயத்தை ஒரு தம்ளரிலும் பச்சைச் சாயத்தை இன்னொன்றிலும் விட்டு, தட்டு போட்டு மூடி, சாமி மாடத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். மெழுகுவர்த்திக்குத் தூரத்தில்.

ஜூன் 18

ஒரு நாளில் நீலம் இறங்கியது 11 மில்லிமீட்டர். நான்கு நாள் ஆனபோது 21.

நாள் நான்கு மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. குடிகாரன் கணக்கு என் மாடத்துக்குக் கீழேயே வந்துவிட்டது. துணி அளக்கிற நாடாவால் ஃபிக்கின் விதியைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

பச்சைத் தம்ளரில் இன்னொரு வேடிக்கை. கீழ் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கரை. பலகாரப் பச்சை என்பது மஞ்சளும் நீலமும் கலந்தது. நீலத்தின் மூலக்கூறு பெரியது, மஞ்சளுடையது சிறியது. சின்னவன் முந்திக்கொள்கிறான். தண்ணீரில் விட்டிருந்தால் இது தெரியவே தெரியாது, இரண்டையும் ஒரே ஓட்டம் அள்ளிக்கொண்டு போயிருக்கும்.

ஜூன் 18, பின்னேரம்

தம்பி மகனிடம் காட்டினேன். "அத்தை, விளிம்பு என்று ஒன்று கிடையாது, உங்கள் கண் எங்கே நிற்கிறதோ அதுதான் விளிம்பு" என்றான். சாயம் போகப் போக மங்கிக்கொண்டே போகிறது, எங்கேயும் நின்றுவிடவில்லை. 11 என்று நான் எழுதியது என் கண்ணாடியின் பவரையும் சேர்த்துத்தான். இரண்டு தடவையும் அதே கண்ணாடி என்பதால் விகிதம் தப்பாது, அது ஒரு ஆறுதல்.

ஜூன் 20

பூஞ்சணம். மழைக்காலத்தில் வேறு என்ன வரும். ஒன்பதாம் நாளுக்கு 33 வரும் என்று மேலே எழுதத் துடித்துக்கொண்டிருந்தேன், நல்ல வேளை எழுதவில்லை. மறுபடி காய்ச்சி, சூட்டோடு மூடி வைக்கிறேன்.

ஜூன் 25

மறுபடி வைத்தது பிழைத்திருக்கிறது. காத்திருக்கிற நேரத்துக்கு இது.

மைப்புட்டியிலிருந்து ஒரு சொட்டு, அசையாத தண்ணீரில், இரண்டு மூன்று விரற்கடை உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். உள்ளே போனதும் சொட்டு வளையமாகிறது. வளையம் தன்னைத்தானே உள்ளிருந்து வெளியே சுருட்டிக்கொண்டு இறங்குகிறது. கொஞ்ச தூரம் போனதும் நெளிந்து, இரண்டு மூன்று இடத்தில் தொங்கி, அந்தத் தொங்கலெல்லாம் குட்டி வளையமாகி, அவையும் தொங்கி… ஆலமர விழுது. பேரன் சொறிமீன் என்கிறான், அதுவும் சரியாகத்தான் இருக்கிறது.

கனமான மை லேசான தண்ணீரின் தலைமேல் உட்கார்ந்தால் சும்மா இருக்க முடியாது. எங்கே துளி பள்ளம் கிடைக்கிறதோ அங்கே ஒழுகும். எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சன், அதற்குப் பல வருடம் முந்தி, 1885-ல், ஒரு கூட்டாளியோடு சேர்ந்து இந்தச் சொட்டு வளையத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாராம். அவ்வளவு பெரிய மனிதரும் சொட்டு விட்டு விளையாடியிருக்கிறார். இனி என்னை வீட்டில் யாரும் கேலி செய்யக் கூடாது.

ஜூன் 29

ஒன்பதாம் நாள், 32 மில்லிமீட்டர்.

ஜூலை 1

அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள்.

மோல்மேனில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு அண்டா. கைலி, ரவிக்கைத் துணி, கோவிலுக்கு நேர்ந்துகொண்டவர்களின் வேட்டி எல்லாம் வரும். சில சமயம் புத்த மடத்திலிருந்து துறவிகள் உடுத்தும் சீவரத்துக்குப் பலாக்கட்டைச் சாயம் கேட்டு வருவார்கள். பலாவின் வைரத்தைச் செதுக்கி வேகவைத்து வடித்த சாயம். நல்ல தேன் நிறம் வரும். துழாவு கோல் என் உயரம். என் வேலை துழாவுவது.

எனக்குப் பத்து வயசு இருக்கும். ஒரு கல்யாண வீட்டுக்குப் பன்னிரண்டு துண்டு ரவிக்கைத் துணி, எல்லாம் ஒரே அரக்கு நிறம் வேண்டும். தெருவில் சாமி ஊர்வலம், மேளச் சத்தம். கோலைச் சாத்திவிட்டுத் திண்ணைக்கு ஓடினேன். திரும்பி வந்து நல்ல பிள்ளையாய் மறுபடி துழாவினேன். துணியை எடுத்து உதறினபோது ஏழு துண்டில் திட்டுத்திட்டாய். அண்டாவின் அடியில் படிந்திருந்த மடிப்பு கறுத்து, மேலே நின்றது வெளுத்து.

அம்மா அடிக்கவில்லை. அந்த வருஷ தீபாவளிக்கு அந்தத் துணியில்தான் எனக்குப் பாவாடை சட்டை தைத்தாள். தோழிகள் எல்லோரும் என்ன டிசைன் என்று கேட்டார்கள்.

இப்போது புரிகிறது. அண்டாவில் தண்ணீர் சும்மா இருந்தாலும் இழையை ஒட்டிய மெல்லிய படலத்தில் சாயம் தீர்ந்துகொண்டே இருக்கும். தீர்ந்த இடத்துக்குப் புதுச் சாயம் அதன் சொந்த நடையில் வந்து சேர்வதற்குள் ஊர்வலம் மூன்று தெரு சுற்றிவிடும். துழாவினால் அந்தப் படலம் மெலிகிறது, நடக்க வேண்டிய தூரம் குறைகிறது. தூரம் பாதியானால் நேரம் கால்.

உப்பை ஏன் கடைசியில் போடச் சொன்னாள் என்பதும் அப்படித்தான். பருத்தி இழை தண்ணீரில் எதிர்மின் ஏறி நிற்கிறது, நேரடிச் சாயமும் எதிர்மின். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தை இழையில் ஏற்றிவிடும். முதலிலேயே போட்டால் சாயம் எங்கும் பரவுவதற்கு முன்னால் முதலில் கண்ட மடிப்பிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அம்மாவுக்கு மின்னேற்றம் தெரியாது. "உப்பு போட்டா சாயத்துக்கு அவசரம் வந்துடும்" என்பாள்.

ஜூலை 3

முதலில் எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். பரவலைக் கொஞ்சம் அதிகமாகவே மட்டம் தட்டிவிட்டேன் போலிருக்கிறது. துழாவினால் மட்டும் கலந்துவிடுமா?

புரோட்டா மாவை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்து மடிக்கிறோம், மறுபடி இழுத்து மடிக்கிறோம். ஒவ்வொரு மடிப்புக்கும் அடுக்கு இரண்டு மடங்கு, கனம் பாதி. பத்து மடிப்பில் 1,024 அடுக்கு. 1 சென்டிமீட்டர் சாயப்பட்டை பத்து மடிப்பில் 100-ல் ஒரு மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆனாலும் அது இன்னும் சாய அடுக்கு, தண்ணீர் அடுக்கு, சாய அடுக்குதான். எவ்வளவு மடித்தாலும் கரண்டியால் ஒரு துகளை அதன் அண்டை வீட்டுக்குள் கொண்டுபோய்க் குடிவைக்க முடியாது. அதைப் பரவல்தான் செய்ய வேண்டும்.

அந்தக் கடைசி 100-ல் ஒரு மில்லிமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம்? அதே கணக்கைப் போட்டேன். பத்தில் ஒரு நொடி. 28 மணி நேர வேலை பத்து மடிப்புக்குப் பிறகு கண் சிமிட்டுகிற வேலை. 115 நாள் நொண்டுகிற அதே ஆள்.

ஜூலை 9

நீலம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம். அந்தக் காலத்துக் கட்டி நீலம் கரைவதே இல்லை. அது லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைத்து எடுக்கும் நீலத்தின் செயற்கை வடிவம், நுண்ணிய பொடி. தண்ணீரில் மிதந்துகொண்டு கரைந்த மாதிரி பாசாங்கு செய்யும். வாளியை விட்டுவிட்டு மறுநாள் பார்த்தால் அடியில் நீலச் சேறு. ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பொடி மணிக்கு இரண்டரை மில்லிமீட்டர் போல இறங்கும். மூன்று மடங்கு பெரிய பொடி ஒன்பது மடங்கு வேகத்தில். உண்மையாகக் கரைந்த சாயம் ஒரு வருஷம் ஆனாலும் இப்படித் தெளியாது.

மஞ்சளும் அந்த ஜாதிதான். தீமிதிக்கு வேட்டி நனைக்கிற மஞ்சள் தண்ணீரில் நிறம் தரும் பொருள் தண்ணீரில் கரையாது என்றே சொல்லிவிடலாம், தூள் மிதக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் மஞ்சள் வேட்டியும் திட்டுத்திட்டாய் வருகிறது. (கோவிலில் யாரும் அதைக் குறை சொல்வதில்லை, திண்ணைக்கு ஓடாத குழந்தைக்கும் அப்படித்தான் வரும்.)

ஆரத்திக்குச் சுண்ணாம்பு சேர்க்கும்போது பாருங்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பை ஒரு ஓரத்தில் விட்டால் சிவப்பு நாக்கு நாக்காக நீளும். அங்கே நகர்வது சிவப்புச் சாயம் இல்லை, சுண்ணாம்பின் காரம். அது போய்ச் சேர்ந்த இடமெல்லாம் மஞ்சள் சிவக்கிறது. கலப்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஜூலை 16

சொந்தத்தில் ஒரு விசேஷம், மோல்மேன் போய் வந்தேன். அங்கிருந்து கியாய்க்கமி கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். கடல் டீ நிறம். சின்ன வயதில் அதுதான் கடலின் நிறம் என்று நினைத்திருந்தேன். நீலமாய் வரைந்த பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பேன்.

மார்த்தபான் வளைகுடா முழுக்க அப்படி. ஐராவதி, சிட்டாங், சால்வீன் மூன்றும் கொண்டுவந்து தட்டுகிற வண்டல். கடல் ஏறி இறங்குவது கூடுதலாக இருக்கும் பெரும் ஓதத்தின்போது கலங்கல் 45,000 சதுர கிலோமீட்டர் வரை விரிகிறது, அது குறைவாக இருக்கும் சிற்றோதத்தில் 15,000 அளவுக்குச் சுருங்குகிறது. அது சாயம் இல்லை, கட்டி நீல ஜாதி. ஓதம் துழாவுகிற வரைக்கும் நிற்கும், துழாவல் தளர்ந்தால் படியும். நிலாவின் கையில் துழாவு கோல்.

இது தலைப்புக்கு வெளியே போகிறது, தெரியும்.

ஜூலை 23

பாகு சோதனை. தோல்வி.

ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேயர் படம் பிடித்துக் காட்டிய வித்தை ஒன்று உண்டு. ஒரு உருளைக்குள் இன்னொரு உருளை, இடையில் கெட்டியான திரவம், அதில் ஒரு கோடு சாயம். உள் உருளையை நாலு சுற்று சுற்றினால் சாயம் காணாமல் போகும். அதே நாலு சுற்று திருப்பிச் சுற்றினால் சாயம் மறுபடி வந்து நிற்கும்! படித்தபோது நம்பவில்லை, செய்து பார்த்தேன். அகலக் கண்ணாடிச் சாடிக்குள் சின்னத் தம்ளர், இடையில் சர்க்கரைப் பாகு. ஜாமூன் பாகு பதத்தில் காய்ச்சினேன். அது போதாது. சுற்றினேன், போயிற்று. திருப்பினேன், போனது போனதுதான். பாகை ஊற்றிப் பாயசம் வைத்தோம், பச்சையாய்.

ஜூலை 30

இந்தத் தடவை கம்பிப் பதத்துக்குக் கிட்டே. ஆறவைத்து, அதே பாகில் சிவப்பைக் கரைத்து (கனம் மாறக் கூடாதே), ஊசி போடும் குழலால் ஒரு கோடு இழுத்தேன். தம்பி மகன் சாடியைப் பிடித்துக்கொண்டான், தம்ளர் ஆடாமல் நான் சுற்றினேன். மெதுவாக, ஒரு சுற்றுக்கு அரை நிமிடம். மூன்றாம் சுற்றில் கோடு போய் இளஞ்சிவப்பு வளையம்தான் மிச்சம். யார் பார்த்தாலும் கலந்துவிட்டது என்று சொல்வார்கள்.

திருப்பினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது முடிகிறபோது மூடுபனியிலிருந்து ஆள் வருகிற மாதிரி கோடு வந்து நின்றது. பேரன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி எட்டிப் பார்த்தார். அவருக்காக இன்னொரு தடவை சுற்றினோம்.

கெட்டித் திரவத்துக்கு உந்துவேகம் என்ற நினைப்பே இல்லை. தள்ளினால் போகும், விட்டால் நிற்கும், திருப்பித் தள்ளினால் வந்த வழியே ஒவ்வொரு அடியாய்த் திரும்பும். போன வாரம் பாகு இளகலாய் இருந்தது, நானும் வேகமாய்ச் சுற்றினேன். சுழிப்பு விழுந்து வழி கலைந்துவிட்டது.

திரும்பி வந்த கோட்டைக் கிட்டத்தில் பார்த்தேன். முன்னால் இருந்த கூர்மை இல்லை, ஓரம் கொஞ்சம் கலங்கியிருந்தது. என் கைநடுக்கம் பாதி இருக்கும். மீதி பரவல். சுற்றினதையெல்லாம் என்னால் திருப்ப முடிந்தது, அந்த ஓரத்தை மட்டும் திருப்ப முடியவில்லை. ஜூன் 4-ஆம் தேதியிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது அந்த நூலளவு கலங்கலைத்தான்.

ஆகஸ்ட் 6

இன்னும் ஒன்று பாக்கி. அம்மா சாயத்தூளை நேராக அண்டாவில் கொட்டமாட்டாள். மல் துணியில் முடிச்சாகக் கட்டி, குறுக்குக் கம்பில் தொங்கவிட்டு, முடிச்சு தண்ணீரின் மேல்மட்டத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும்படி வைப்பாள். கப்பி விழாமல் இருக்கத்தான் என்று இவ்வளவு வருஷமாக நினைத்திருந்தேன். கப்பிக்காக என்றால் முடிச்சை அடியிலேயே போட்டிருக்கலாமே.

நேற்று இரண்டு உயரமான சாடியில் பார்த்தேன். ஒன்றில் முடிச்சு அடியில். சாயம் அடியிலேயே தேங்கி, மேலே தெளிந்த தண்ணீர், டீக்கடைக் கோடு. இன்னொன்றில் முடிச்சு மேலே. முடிச்சிலிருந்து நிறநூல் பத்துப் பதினைந்து கீழ்நோக்கி இறங்கியது, அடியில் மோதிப் புரண்டது, புரண்டது ஏறியது, இறங்குகிற நூலோடு சிக்கியது. கோல் படாமல் பத்து நிமிடத்தில் சாடி முழுக்க ஒரே நிறம். கரைந்த சாயத்தின் கனமே துழாவு கோலாகிவிட்டது.

பெர்மாங்கனேட் துணுக்கையும் நூலில் கட்டிப் பச்சைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கவிட்டோம். மூன்று நிமிடம். வெந்நீருக்கு ஒரு நிமிடம்தான் பின்னால்.

ஆகஸ்ட் 8

பேரன் கேட்கிறான், பரீட்சையில் எதை எழுதுவது என்று. புத்தகத்தில் இருப்பதை எழுதிவிட்டு, இடம் இருந்தால் கீழே தம்ளர் படம் போட்டு அம்புக்குறி வரை என்று சொல்லியிருக்கிறேன்.